பேர் விழுந்த பிறகு

1

இங்கே வந்ததும் நான் பழக வேண்டியிருந்த முதல் காரியம், கடையிலிருந்து வெளியே வரும்போது பையைத் திறந்து காட்டாமல் வருவது. பாஷையெல்லாம் அதற்குப் பிறகுதான். இரண்டுமே இன்னும் முழுசாக வரவில்லை.

மலைநாட்டில் கந்தப்பளைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் தேயிலைத் தொழிற்சாலையில் சல்லடைப் பக்கம் வேலைக்குப் போனேன். ஊரில் அதை ஸ்டோர் என்போம். வேலை முடிந்து வாசலுக்கு வந்தால் வாட்சர் நிற்பார். ஆண்களை அவர் பார்ப்பார். பெண்களைப் பார்க்க ஒரு பெண் இருப்பாள். யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை. சாப்பாட்டுப் பையைத் திறப்போம். கொண்டையை அவிழ்ப்போம். முந்தானையை உதறுவோம். தலையிலிருந்து தேயிலைப் புழுதி உதிரும். அது எல்லோருக்கும் உதிரும். அதற்குக் கணக்கில்லை.

சல்லடை ஓடும் அறையில் அந்தப் புழுதி எப்போதும் மிதந்துகொண்டே இருக்கும். சாயங்கால வெயில் கண்ணாடி வழியாக உள்ளே சரியும்போது அறை முழுக்கப் பழுப்பு நிறமாகிவிடும். எதிரே நிற்பவள் கனவில் வருகிறவள் மாதிரித் தெரிவாள். வாய் அசையும், பேச்சு கேட்காது. அந்த அறையை விட்டு வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. இன்னும் கண்ணை மூடினால் அந்த நிறம்தான் வருகிறது.

இப்போது இருப்பது சுவிஸில் ஒரு மலையடிவாரத்து ஊர். வந்த புதிதில் வீட்டுக்காரர் பெரிய கடை ஒன்றுக்குக் கூட்டிப் போனார். வாசலில் ஒரு காவல்காரர் நின்றார். நான் அவர் முன்னால் போய் நின்று பையைத் திறந்தேன். பிறகு கையைத் தூக்கிக் கொண்டையை அவிழ்க்கப் போனேன். அந்த மனுஷன் ஒரு அடி பின்னால் போய்விட்டார். வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார்.

"ஏன்டி, ஒன்னைய யாராச்சும் கேட்டாங்களா?"

"கேக்கல."

"கேக்காம ஏன் காட்டுற? அவன் என்ன நெனப்பான்?"

கொண்டையை அவிழ்ப்பது நின்றுவிட்டது. பை மட்டும் நிற்கவில்லை. வாசலைக் கண்டால் கை தானாகப் போய்விடும். மகள் சின்னவளாக இருந்தபோது அவளும் தன் குட்டிப் பையைத் திறந்து உள்ளே இருக்கும் பொம்மைக் கரடியைக் காட்டுவாள். அப்போதிருந்த காவல்காரர் சிரிப்பார். பிறகு வந்தவர்கள் சிரிக்கவில்லை. பையைப் பார்த்தார்கள். பிறகு நாங்கள் உள்ளே போகும்போதே பார்க்கத் தொடங்கினார்கள்.

இந்த வருஷம் நடந்ததை எழுதுகிறேன். மகளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க. ஆனா என் பேர மாத்திப் போடுங்க" என்றாள். அதனால் இங்கே அவள் பெயர் தர்சினி.

2

நான் ஒரு முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் பகுதியில் வேலை செய்கிறேன். கீழ்த்தளம். நாள் பூராவும் ஆவி. வெள்ளைத் துணிகள் ஆவிக்குள்ளிருந்து வரும், மடித்து வைப்பேன், திரும்பவும் ஆவிக்குள்ளிருந்து வரும். வெளியே மலையில் மூடுபனி இருந்தால் ஜன்னலுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே மாதிரி இருக்கும். நான் எந்த மலையில் நிற்கிறேன் என்று சில நேரம் மறந்துபோகும்.

வெயில் காலம் தொடங்கும் முன் ஒரு நாள், அப்படி நின்றுகொண்டிருந்தபோதுதான் தொலைபேசி வந்தது. அந்தப் பெரிய கடையிலிருந்து. பேசியவர் மெதுவாகத்தான் பேசினார். மகள் பெயரும் "வாருங்கள்" என்பதும் புரிந்தது. போனேன்.

கடைக்குப் பின்னால் ஒரு சிறிய அறை. தர்சினி நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. மேசை மேல் உதட்டுச் சாயம் ஒன்று, உறை பிரிக்காமல். சுவரில் படங்கள் ஒட்டியிருந்தன. கேமராவில் எடுத்த முகங்கள். சில முகங்கள் மங்கல். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி. அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் கடையில் வேலை செய்கிற பெண்கள் காபி குடிக்கிறார்கள். குவளைகள் அங்கேதான் இருந்தன.

மேலாளர் இளைஞன். மரியாதையாகத்தான் நடந்தான். இந்த ஊர்ப் பாஷையில் வாங்க என்பதற்கு ஒரு சொல், வா என்பதற்கு ஒரு சொல். நான் பாஷை பழகியது துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில். அங்கே எல்லோரும் வா போதான். நான் அந்த மேலாளரிடம், "நீ சொல்லு, என்ன நடந்தது?" என்று கேட்டிருக்கிறேன். தர்சினி கண்ணை மூடிக்கொண்டாள். பிடிபட்டதற்கு மூடாத கண்ணை அதற்கு மூடினாள்.

முதல் தடவை என்பதால் பொலிசுக்குப் போக மாட்டார்களாம். இரண்டு வருஷம் அந்தக் கடைக்குள் வரக் கூடாது. படம் சுவரில் இருக்கும். சம்மதம் என்று கையெழுத்து வேண்டும்.

தர்சினியிடம் கேட்டேன். "நீ எடுத்தியா?"

"எடுத்தேன்."

கையெழுத்துப் போட்டேன். நடந்ததற்குப் போட்டேன். எழுந்து வரும்போது கல்லாவில் இருக்கும் பெண் உள்ளே வந்து குவளையை எடுத்தாள். எங்களைப் பார்த்தாள். எனக்கு அவளைத் தெரியும். அவளுக்கும் என்னைத் தெரியும். அவளுடைய அம்மா எங்கள் இல்லத்தில் முதல் மாடியில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பார்க்க வருவாள்.

அதுதான் விஷயம். கோடை விடுமுறை முடிந்ததும் தர்சினி எங்கள் இல்லத்தில்தான் தொழில் பழகச் சேர வேண்டும். முதியவர்களைப் பராமரிக்கும் வேலை. இங்கே பிள்ளைகள் பதினைந்து, பதினாறு வயதில் ஒரு தொழிலில் சேர்ந்து, வேலையும் படிப்புமாகப் போவார்கள். அந்த இடம் கிடைக்க அவள் எத்தனையோ இடங்களுக்கு எழுதினாள். கடைசியில் எங்கள் இல்லப் பொறுப்பாளர் ரூத் அம்மாதான் சரி என்றார். பராமரிக்கிறவர்கள் முதியவர்களின் அறைகளுக்குள் போவார்கள். அலமாரியைத் திறப்பார்கள். மோதிரத்தைக் கழற்றிக் குளிப்பாட்டுவார்கள்.

3

வீட்டுக்கு வந்து சோறு போட்டேன். சாப்பிட்டாள். பிறகு கேட்டேன்.

"கேட்டிருந்தா காசு குடுத்திருப்பேன்ல?"

"காசு இருந்துச்சும்மா. பையிலயே இருந்துச்சு."

"அப்புறம் எதுக்கு?"

தட்டில் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள்.

"கடைக்கு உள்ள போனாலே அந்த ஆள் பின்னால வருவான். என் கூட வர்ற ரெண்டு புள்ளைங்களையும் பாக்க மாட்டான். என்னைய மட்டும். சின்ன வயசுலயிருந்து அப்படித்தான். நீங்க பையத் தெறந்து காட்டுவீங்க. உள்ள ஒன்னும் இருக்காது. மறுபடி போவோம். மறுபடி காட்டுவீங்க. ஒன்னும் இருக்காது. எனக்கு அலுத்துப்போச்சு. ஒரு நாளாச்சும் உள்ள ஏதாச்சும் இருக்கட்டுமேன்னு எடுத்தேன்."

நான் தட்டை எடுத்துக் கழுவப் போட்டேன்.

வீட்டுக்காரர் ஒரு உணவகத்தில் சமையல் பக்கம் இருக்கிறார். எண்ணெய் வாடையோடு வந்து சேர்ந்தார். விஷயத்தைச் சொன்னேன். சப்பாத்தைக் கழற்றாமல் நின்றபடியே கேட்டார்.

"அந்தக் கல்லாப் பொம்பள சொல்லுமா?"

"சொல்லலாம். சொல்லாமலும் இருக்கலாம்."

"அப்ப நீ வாயத் தொறக்காத. தெரிஞ்சா பாத்துக்குவோம்."

"தெரிஞ்ச பொறகு என்னத்தப் பாக்குறது?"

"அதுக்காக நாமளே போயி சொல்லுவோமா? ஒனக்கு இன்னும் பெரட்டுல நிக்கிற புத்திதான்."

பெரட்டு, தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்க எல்லோரும் கூடி நிற்பது. அவர் அப்படிச் சொன்னதில் தப்பில்லை. மறைத்து மறைத்துத்தான் அவர் இங்கே ஒரு இடம் பிடித்தார். அவர் குடும்பமும் மலைநாட்டுக் குடும்பம்தான். கலவர காலத்தில் வவுனியாவுக்குப் போனவர்கள். வடக்குத் தமிழ் ஆட்கள் கூடும் இடத்தில் எந்த ஊர் என்று கேட்டால் வவுனியா என்பார். பொய் இல்லை. நான் கந்தப்பளை என்று சொல்லிவிடுவேன். பேச்சு கொஞ்சம் நிற்கும். "ஓ, தோட்டப் பக்கமோ" என்பார்கள். பிறகு தேயிலையைப் பற்றிக் கேட்பார்கள். கெட்டவர்கள் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கல்யாண வீட்டில் என்னைக் கண்டாலும் தேயிலையைப் பற்றித்தான் கேட்பார்கள். ஒரு தடவை ஒரு அக்கா எனக்குத் தேத்தண்ணீர்க் கோப்பையை நீட்டி, "நீங்கள் குடிச்சுப் பார்த்துச் சொல்லுங்கோ" என்றார். நல்லா இருக்கு என்றேன். அது சின்னக் காகிதப் பையில் வருகிற கடைத் தூள்.

தமிழ்ப் பள்ளியில் தர்சினி "இருக்காங்க" என்று சொன்னால் "இருக்கினம்" என்று வடக்குப் பேச்சுக்குத் திருத்துவார்கள். அவளுக்கு அதுவும் அலுத்துத்தான் போனது. இப்போது என்னோடு மட்டும் தமிழ்.

4

மறுநாளே பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கூடப் போன பிள்ளைகள் சொல்லியிருப்பார்கள். யாரோ அவள் நாற்காலியில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். "உங்கள் பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று. ஆசிரியை அதைப் பார்த்துக் கிழித்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார்.

அங்கே பிள்ளைகளின் கஷ்டங்களைப் பேசுவதற்கென்றே ஒரு அம்மா இருக்கிறார். நரைத்த தலை, பெரிய கம்பளிச் சட்டை. மேசையில் ஒரு செடி. எனக்குப் புரியாததைத் தர்சினிதான் தமிழில் சொன்னாள். தன்னைப் பற்றிய பேச்சைத் தானே எனக்கு மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது.

"இவங்க சொல்றாங்கம்மா, தப்பு எல்லாரும் எப்பயாச்சும் செய்வாங்களாம். பெரும்பாலும் அது அங்கயே முடிஞ்சிருமாம். மறந்துருவாங்களாம்."

"சரி."

"சில பேருதான் மாட்டுவாங்களாம். மாட்டுனவங்களுக்கு ஒரு பேரு ஒட்டிருமாம். அப்புறம் எல்லாரும் அந்தப் பேரப் பாத்துத்தான் பேசுவாங்களாம். ஆளப் பாக்க மாட்டாங்களாம்."

"ம்."

"கொஞ்ச நாள்ல அந்த ஆளும் அந்தப் பேராவே ஆயிருமாம். வேற எதுவா இருந்தாலும் யாரும் நம்பப் போறதில்லைல, அதனால." பிறகு சொன்னாள். "முதல்ல செஞ்ச தப்பு வேற, பேரு ஒட்டுனதுக்கு அப்புறம் செய்ற தப்பு வேறயாம். இதப் பத்திப் படிச்சவங்க நெறைய எழுதியிருக்காங்களாம். மாட்டாதவங்களயும் சேத்து எல்லாத்தயும் ஆராய்ஞ்சு பாத்தாங்களாம்."

அந்த அம்மா தாளில் இரண்டு வட்டம் போட்டிருந்தார். ஒன்றிலிருந்து மற்றதற்கு ஒரு கோடு. கோட்டின் மேல் ஒன்றும் எழுதவில்லை.

"சில சமயம் யாரும் பேரு வைக்கிறதுக்கு முன்னாலயே பார்வை ஒட்டிருமாம்" என்றாள் தர்சினி. அதை அவர் சொன்னாரா, இவளே சேர்த்துக்கொண்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவில்லை.

என் வேலையில் ஒரு பகுதி, துணியில் பேர் தைப்பது. இல்லத்துக்கு ஒருவர் வந்தால் அவருடைய சட்டை, உள்ளாடை, காலுறை எல்லாவற்றிலும் சின்ன நாடாவில் பேர் தைக்க வேண்டும். இல்லாவிட்டால் கழுவிய துணி யாருக்குப் போவது என்று தெரியாது. அவர் இறந்து, வீட்டார் துணி வேண்டாம் என்றால், பேரைப் பிரித்துவிட்டு நல்லதை வேறொருவருக்குக் கொடுப்போம். துணி கிழியாமல் பிரிக்க வேண்டும். நான் நன்றாகப் பிரிப்பேன். ஆனாலும் நாடா இருந்த இடம் மட்டும் நிறம் வெளுக்காமல் புதுசாக இருக்கும். எத்தனை தடவை துவைத்தாலும் அந்த அடையாளம் தெரியும்.

திரும்பி வரும்போது பேருந்து மேட்டில் ஏறியது. மூடுபனி. வெளியே ஒன்றும் தெரியவில்லை. தர்சினி என் தோளில் சாய்ந்து கொஞ்ச நேரம் தூங்கினாள். எனக்குப் பாக்கியம் சின்னம்மா ஞாபகம் வந்தது.

5

பாக்கியம் சின்னம்மா என் அம்மாவின் தங்கை. எனக்கு முன்பிருந்தே சல்லடையில் வேலை. நல்ல தேயிலை செய்கிற இடத்தில் நாங்கள் குடித்தது கழிவுத் தூள். மாதம் ஒரு பொட்டலம் தோட்டத்தில் கொடுப்பார்கள். எவ்வளவு போட்டாலும் சாயம் வரும், மணம் வராது. சின்னம்மாவின் மூத்த மகள் பெரிய மனுஷியானபோது, சடங்குக்குக் கொத்மலைப் பக்கத்திலிருந்து அவளுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வழிச் சொந்தங்கள் வருவதாக இருந்தது. வருகிறவர்களுக்கு ஒரு வாயாவது நல்ல தேத்தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று ஒரு பிடித் தூளைத் துணியில் முடிந்து இடுப்பில் வைத்துக்கொண்டார். வாசலில் அகப்பட்டது.

தொழிற்சங்கத் தலைவர் போய்ப் பேசினார். வேலை போகவில்லை. ஆனால் காலையில் பெரட்டுக்களத்தில் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முடிவானது. கேட்டார். பனியில் எல்லோரும் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றோம். அவர் குரல் மட்டும் வந்தது, முகம் தெரியவில்லை. தோட்டத்தை நடத்தும் துரை சரி என்று தலையாட்டினார். தோட்டத்துக் கணக்கில் அதோடு முடிந்தது.

அன்றிலிருந்து அவர் தூள் பாக்கியம். பிள்ளைகள் தூள்வீட்டுப் பிள்ளைகள். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் ஒரு கோழி காணாமல் போனால் முதலில் அவருடைய ஒற்றை அறைக் காம்பராவுக்கு வருவார்கள். வீட்டுக்குப் பின்னால் நட்ட லீக்ஸ் செடி குறைந்தால் அங்கே வருவார்கள். வந்து சட்டியைத் திறந்து பார்ப்பார்கள். பிறகு கோழி தானே திரும்பி வரும். அதை யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். மகளுக்குப் பேசிய சம்பந்தமும் நின்றது. கொஞ்ச காலத்தில் சின்னம்மா உண்மையாகவே எடுக்கத் தொடங்கிவிட்டார் என்று பேச்சு வந்தது. பிறகு பிள்ளைகளோடு கொழும்புக்குப் போனார். தோட்டத்துக்கு வரவேயில்லை.

நானும் அவரோடு அதிகம் பேசுவதில்லை. அன்றைக்கு அடுப்படியில் நின்றபடி அழைத்தேன்.

"யாரு, சுவிஸா? என்னடி, யாராச்சும் செத்துட்டாங்களா?"

"இல்ல சின்னம்மா. சும்மாதான்."

"சும்மா எடுக்குற ஆளா நீ? சொல்லு."

சொன்னேன். கேட்டுவிட்டுச் சத்தமாகச் சிரித்தார்.

"ஒதட்டுச் சாயமா? அட கெரகமே. நானாச்சும் தூள எடுத்தேன், வந்தவங்க குடிச்சாங்க. நல்ல தேத்தண்ணின்னு வேற சொன்னாங்க."

"கெடைச்சுதா? வாசல்லயே புடிச்சுட்டாங்கல்ல?"

"அது ரெண்டாவது பிடிடி. மொத பிடி முந்துன நாளே வீட்டுக்குப் போயிருச்சு."

நானும் சிரித்துவிட்டேன். பிறகு கேட்டேன். "சின்னம்மா, கோழி எடுத்தீங்கன்னு சொன்னாங்களே, நெசமா?"

"நெசந்தான். கொழம்பு வச்சு வாசப்படியில ஒக்காந்து தின்னேன். எடுக்காதப்பல்லாம் வந்து சட்டியத் தொறந்து பாத்தாளுங்க. எடுத்தன்னைக்கி ஒருத்தியும் வரல. வந்திருந்தா ஒரு துண்டு குடுத்திருப்பேன்."

அந்தப் பக்கம் பஸ் போகிற சத்தம் கேட்டது.

"கந்தப்பளை டவுன்ல அந்த முஸ்லிம் நானா கடை ஞாபகம் இருக்கா? பலசரக்குக் கடை, பள்ளிவாசலுக்குப் போற வழியில."

"இருக்கு."

"நான் போனா, 'பாக்கியம், செத்த கடையப் பாத்துக்க, தொழுதுட்டு வந்துர்றேன்'னு போயிருவாரு. கல்லாப் பெட்டி தொறந்தபடி கெடக்கும்."

"அங்க ஏதும் எடுத்தீங்களா?"

"சீ, என்ன பேச்சுப் பேசுற? அங்க எப்படி எடுக்குறது? அவரு வர்ற வரைக்கும் அசையாம நின்னேன். ஒருத்தன் பீடி கேட்டு வந்தான். நானா வந்த பொறகு வாடான்னு வெரட்டி விட்டேன்."

"அவருக்கு விசயம் தெரியாதோ என்னவோ."

"தெரியாமயா? டவுனுக்கே தெரியும். தெரியாம விட்டுட்டுப் போயிருந்தா அதுல என்னடி இருக்கு? தெரிஞ்சுதான் விட்டுட்டுப் போனாரு."

பிறகு புள்ள சாப்பிடுறாளா என்று கேட்டார். சாப்பிடுறா என்றேன். வைத்துவிட்டார்.

6

வெள்ளிக்கிழமை காலை ரூத் அம்மாவின் அறைக்குப் போனோம். வீட்டுக்காரருக்குச் சொல்லிவிட்டுத்தான் போனோம். "ஒங்க இஷ்டம்" என்றார். கோபம்தான். ஆனாலும் தர்சினியின் சப்பாத்தை எடுத்துத் துடைத்து வாசலில் வைத்திருந்தார்.

பேருந்தில் தர்சினி கேட்டாள்.

"சொன்னா எடம் போயிரும்மா."

"போகலாம்."

"சொல்லலன்னா?"

"இருக்கலாம். ஆனா ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் நீ அந்தப் பொம்பளையோட மூஞ்சப் பாக்கணும். பாக்குறியா?"

எங்கள் நிறுத்தம் வந்தது.

"நானே சொல்றேன். நீங்க நீ வான்னு பேசி வச்சிருவீங்க" என்றாள்.

அவளே சொன்னாள். ரூத் அம்மா பெரிய உடம்புக்காரர். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார். தர்சினி காரணம் எதுவும் சொல்லவில்லை. எடுத்தேன், பிடிபட்டேன், இரண்டு வருஷம் கடைக்குள் போக முடியாது, படம் சுவரில் இருக்கிறது. அவ்வளவுதான். நான் சொல்லியிருந்தால் காவல்காரரில் தொடங்கியிருப்பேன்.

"யோசிக்க வேண்டும்" என்றார் ரூத் அம்மா. "இங்கே இருப்பவர்கள் என்னை நம்பித் தங்கள் பொருளோடு இருக்கிறார்கள்."

"தெரியும்" என்றாள் தர்சினி.

"இனிமேல் எடுப்பாயா?"

"இல்லை என்று சொன்னால் நம்புவீர்களா?"

"நீ சொல்லிப் பார்."

"இல்லை."

ரூத் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். திங்கட்கிழமை சொல்வதாகச் சொன்னார்.

அந்தச் சனியும் ஞாயிறும் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஜன்னலைத் திறந்தால் பனி உள்ளே வந்தது. தர்சினி நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாள். நான் அவள் துணிகளை எல்லாம் எடுத்துத் துவைத்தேன், அழுக்கில்லாததையும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தக் கல்லாப் பெண் இல்லத்துக்கு வந்திருப்பாள் என்று நினைத்தேன். முதல் மாடியில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். என்ன பேசினாளோ.

திங்கட்கிழமை ரூத் அம்மா கீழே ஆவிக்குள் வந்து என்னைத் தேடினார். அவர் அங்கே வருவதே அபூர்வம்.

"ஆகஸ்டில் வரட்டும்" என்றார்.

நான் தலையாட்டினேன். பிறகு, "கீழே என்னோடயா?" என்று கேட்டேன். கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொள்ளச் சொல்வார் என்று நினைத்திருந்தேன்.

"வேண்டாம். முதல் மாடியில். அம்மா பக்கத்தில் இருந்தால் பிள்ளை வேலை பழகாது."

போகும்போது கதவருகில் நின்று சொன்னார். "நேற்று தன் அம்மாவைப் பார்க்க வந்த ஒருவர் என்னிடம் ஏதோ சொல்ல வந்தார். எனக்குத் தெரியும் என்றேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்."



7

முதியோர் இல்லத்தில் பொருள்கள் காணாமல் போவது தினமும் நடப்பது. கண்ணாடி, பல், காது கேட்கும் கருவி. பாதி என்னிடம்தான் வந்து சேரும், தலையணை உறைக்குள். ஆனால் இலை பழுக்கிற காலத்தில் ஒரு காலை, முதல் மாடியில் ஒரு மூதாட்டியின் மார்பில் குத்தும் வெள்ளி ஊசியைக் காணவில்லை. அவருடைய கணவர் கொடுத்தது. மூதாட்டி அழுதார். நான் சுத்தமான துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு அப்போதுதான் மேலே போனேன்.

நடைவழியில் வேலைக்காரர்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். அந்த மாடிக்குப் பொறுப்பான தாதி ஒவ்வொருவரிடமாகக் கேட்டுக்கொண்டு வந்தார். நான் வண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். தர்சினி வரிசையின் நடுவில், கையில் சீப்போடு நின்றாள். இன்னொரு மூதாட்டிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தவளை நடுவில் கூப்பிட்டிருக்கிறார்கள். ஜன்னல் பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தது. எல்லோர் முகமும் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது.

முதலில் தரை துடைக்கும் போர்த்துக்கல் பெண்ணிடம் கேட்டார். "நீங்கள் பார்த்தீர்களா?" இல்லை என்றாள்.

பிறகு ஒரு மூத்த பராமரிப்பாளரிடம். "நீங்கள் பார்த்தீர்களா?" நேற்று மாலை சட்டையில் இருந்ததைப் பார்த்தேன் என்றார்.

பிறகு தர்சினியிடம் வந்தார். குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. அவள் பையைப் பார்க்கவில்லை, கையைப் பார்க்கவில்லை. மற்றவர்களிடம் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டார்.

"நீங்கள் பார்த்தீர்களா?"

"இல்லை" என்றாள் தர்சினி.

"சரி" என்று சொல்லிவிட்டு, தாதி அடுத்து நின்றவரிடம் கேட்கப் போனார்.